இருபது விழுக்காடு

எங்கள் ஊர்ப்பக்கம் இயந்திரத்தில் கை கொடுத்தவர்களைப் பற்றிப் பேச்சு வந்தால், அந்த ஒரு நாளைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். எந்த ஷிப்டில் நடந்தது, பக்கத்தில் யார் இருந்தார்கள், துண்டான விரலை யார் தேடி எடுத்தார்கள், வண்டி கிடைத்து மருத்துவமனை போய்ச் சேர எவ்வளவு நேரமானது என்று, அங்கே இல்லாதவர்களும் நேரில் பார்த்தவர்களைப் போலவே சொல்வார்கள். அதன் பிறகு முதலாளி எவ்வளவு செலவு செய்தார், கையில் எவ்வளவு கொடுத்தார் என்ற கணக்கு வரும். அத்தோடு கதை முடிந்துவிடும். "அதெல்லாம் அப்பவே பேசி முடிச்சாச்சுங்க" என்று யாராவது ஒருவர் சொல்ல, பேச்சு மஞ்சள் விலைக்கோ பைபாஸ் ஓரத்து நிலத்துக்கோ நகர்ந்துவிடும். இந்த முடிவு எனக்குப் பல ஆண்டுகளாக ஒத்துவரவில்லை. என் பெரியப்பா மகனுக்கு வலது கையில் இரண்டு விரல்கள் போனது 2013இல். அவர் வீடு எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறது. அவருடைய கையை அன்றிலிருந்து பார்த்துவருகிறேன். ஆண்டுக்கு ஒன்றாகவாவது அந்தக் காயம் அவரிடமிருந்து புதிதாக எதையோ பிடுங்கிக்கொண்டே வந்திருக்கிறது. பேசி முடித்தவர்கள் எதை முடித்தார்கள் என்பதைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

அண்ணன் வேலை பார்த்தது, கோவையின் வடக்கே ஆவாரம்பாளையம், கணபதி, சின்னவேடம்பட்டி என்று நீளும் பட்டறைத் தெருக்களில் ஒன்றில். பம்புசெட் மோட்டாருக்குள் அடுக்கடுக்காக இருக்கும் மெல்லிய எஃகுத் தகடுகளைப் பவர் பிரஸ்ஸில் அடித்து எடுக்கும் வேலை. தகட்டின் தடிமன் அரை மில்லிமீட்டர் அளவுதான். ஆனால் அதை வெட்டும் இயந்திரம் அறைக்குள் நுழைந்தவுடன் கால் வழியாகவே தெரியும், தரை அதிரும். பெரும்பாலான சிறு பட்டறைகளில் இருப்பவை பழைய சாவி கிளட்ச் பிரஸ்கள். மோட்டார் ஒரு கனத்த ஃப்ளைவீலைச் சுற்றிக்கொண்டே இருக்கும். காலால் பெடலை மிதித்தால், உள்ளே இருக்கும் சாவி அந்தச் சக்கரத்தையும் ஷாஃப்டையும் கோத்துவிடும். ஒரு முழுச் சுற்று முடிந்து, தகட்டை வெட்டும் பஞ்ச் இறங்கி ஏறியபின், சாவி தானாக விலக வேண்டும். சாவியோ அதன் ஸ்பிரிங்கோ தேய்ந்திருந்தால் அது விலகாது. யாரும் மிதிக்காமலே பஞ்ச் இரண்டாம் முறை இறங்கும். இறங்கத் தொடங்கிய பஞ்சை இவ்வகைப் பிரஸ்ஸில் நடுவழியில் நிறுத்த முடியாது. மெயின் சுவிட்சை அணைத்தாலும் ஃப்ளைவீல் தன் வேகத்தில் ஓடிக்கொண்டுதான் இருக்கும். அடித்த தகட்டை எடுக்க அண்ணன் கையை உள்ளே விட்ட நேரத்தில் விழுந்தது அந்த இரண்டாவது அடிதான். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அடியோடு போயின. தகட்டை வைத்து அடிக்கும் அச்சான டைக்கு முன்னால் இருக்க வேண்டிய தடுப்புக் கம்பி வலை கழற்றிச் சுவரோரம் சாத்தப்பட்டிருந்தது. வலை இருந்தால் மணிக்கு விழும் அடி குறையும் என்பது பட்டறையில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. அதைக் கழற்றச் சொல்லி யாரும் உத்தரவு போட்டதில்லை. மாட்டச் சொல்லியும் யாரும் உத்தரவு போட்டதில்லை.

கை விஷயத்தில் கோவை கொடுத்துவைத்த ஊர். மில்லும் பட்டறையும் அனுப்பிவைத்த கைகளைப் பார்த்துப் பார்த்தே இங்கே கை அறுவைச் சிகிச்சை வளர்ந்திருக்கிறது. கங்கா மருத்துவமனைக்கு வெளிநாட்டு மருத்துவர்களே பயிற்சிக்காக வந்துபோகிறார்கள். துண்டான விரலைச் சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு, அந்தப் பையை ஐஸ்கட்டிக்குள் வைத்துக் கொண்டுபோக வேண்டும், விரல் நேரடியாக ஐஸைத் தொடக்கூடாது என்பது இங்கே பட்டறைப் பையன்களுக்குக்கூடத் தெரியும். அண்ணனின் விரல்களையும் அப்படித்தான் எடுத்துப் போனார்கள். கத்தியால் வெட்டுப்பட்டதுபோல் இருந்திருந்தால் ஒட்டியிருக்கலாம். நசுங்கிப்போன இரத்தக்குழாய்களை இணைக்க வழியில்லை என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். புறங்கையில் உரிந்துபோன தோலுக்குப் பதிலாக, தொடையிடுக்குத் தோலோடு கையைச் சேர்த்துத் தைத்தார்கள். இடுப்போடு ஒட்டிய கையுடன் மூன்று வாரம் அவர் மல்லாந்து கிடந்தார். தோல் கையில் வேர்பிடித்த பிறகு பிரித்தெடுத்தார்கள். அந்த மூன்று வாரமும் பட்டறை முதலாளி நாள் தவறாமல் வந்து பார்த்தார், முழுச் செலவையும் கட்டினார் என்பதை இன்றும் எங்கள் சொந்தக்காரர்கள் நன்றியோடு சொல்வார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேர் முன்னிலையில் பேச்சு நடந்தது. தொண்ணூறாயிரம் ரூபாய் கையில் கொடுத்து, இனி இது சம்பந்தமாக எந்தக் கோரிக்கையும் இல்லை என்று முத்திரைத்தாளில் எழுதி வாங்கிக்கொண்டார்கள். அப்போது அண்ணனுக்கு வயது முப்பது. முதலாளி எங்கள் ஊர்க்காரர், தூரத்துப் பங்காளி. லேத்து ஓட்டி மேலே வந்தவர். அவருக்கே இடது கைச் சுண்டுவிரலில் நுனி இல்லை. "விரல் போகாத பிரஸ்காரன் எங்கீங்க இருக்கறான்?" என்று அவர் அன்று சொன்னது ஆறுதலாகத்தான். அதைக் கேட்டு யாருக்கும் கோபம் வரவில்லை.

விரலுக்குப் பின் போனவை

முதலில் வந்தது வலி. ஆறிய தழும்புக்குள் அறுபட்ட நரம்பின் நுனி வழி தெரியாமல் வளர்ந்து முடிச்சிட்டுக்கொள்ளும். அந்த இடத்தில் ஒரு சட்டைப் பொத்தான் பட்டால்கூட முழங்கை வரைக்கும் ஷாக் அடிக்கும் என்று அவர் சொல்வார். அடுத்தது, இல்லாத விரலில் வரும் உணர்ச்சி. ஆள்காட்டி விரலின் நகக்கண்ணில் அரிப்பு எடுக்கும், சொறிய இடமில்லை. சில இரவுகளில் அந்த விரலை யாரோ பின்னால் வளைத்துப் பிடித்திருப்பதைப் போல இருக்கும். அமெரிக்க உள்நாட்டுப் போரில் உறுப்பிழந்த வீரர்களைக் கவனித்த வெயர் மிட்செல் என்னும் மருத்துவர் 1871இலேயே இதற்குப் பேய் உறுப்பு என்று பொருள்படும் பெயரை வைத்துவிட்டார். தமிழ்நாட்டில் பிறந்த நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரன் 1990களில் இதற்கு ஒரு கண்ணாடிப் பெட்டியைக் கொண்டு சிகிச்சை செய்து காட்டினார். நல்ல கையின் பிம்பம் இழந்த கை இருக்க வேண்டிய இடத்தில் தெரியும்படி வைத்து, இரண்டு கைகளையும் அசைக்கச் சொன்னால், சிலருக்கு மூளை ஏமாந்து அந்தப் பிடியைத் தளர்த்துகிறது. அண்ணனுக்கும் இயன்முறை சிகிச்சையாளர் அதைச் சொல்லிக்கொடுத்தார். பீரோக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் நிறுத்திவைத்துக்கொண்டு அவர் தினமும் உட்கார்ந்ததை நான் பார்த்திருக்கிறேன். பேய்விரலின் பிடி ஓரளவு விட்டது. தழும்பின் ஷாக் விடவில்லை.

குளிர் வந்தது ஓராண்டு கழித்து. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றுக்குப் பழகிய ஊர் இது. மார்கழியில் விடியற்காலை வண்டி ஓட்டுவது யாருக்கும் பெரிய விஷயமில்லை. ஆனால் நசுங்கிய கையின் சிறு இரத்தக்குழாய்களும் நரம்புகளும் குளிரைப் பழையபடி தாங்குவதில்லை. மிஞ்சிய விரல்கள் வெளுத்து, பிறகு நீலம் பூத்து, எலும்புக்குள் குடைச்சல் எடுக்கும். கையில் பெரிய காயம் பட்டவர்களிடம் இது மிகச் சாதாரணமாக வருவது. பலருக்கு ஆண்டுக்கணக்கில் நீடிப்பது. அண்ணன் கார்த்திகை பிறந்தால் வலது கையில் கம்பளிச் சாக்ஸ் ஒன்றை மாட்டிக்கொள்வார். பால் சொசைட்டிக்குக் காலையில் கேன் எடுத்துப்போகும் வேலை ஒன்று கிடைத்தது. அந்தக் குளிரால் அது ஒரு மழைக்காலத்தைத் தாண்டவில்லை. விபத்தின் விளைவுகளை யாராவது பட்டியல் போட்டால் பால் கேனை அதில் எழுதுவார்களா?

பிரஸ்ஸில் அவரால் மறுபடி உட்கார முடியவில்லை. கை வராதது ஒரு காரணம். அந்தச் சத்தம் இன்னொன்று. அடி விழும்போதெல்லாம் தோள் தானாகத் தூக்கிக்கொள்ளும் என்று அவரே சொல்லியிருக்கிறார். தகடு எண்ணிக் கட்டுக்கட்டும் வேலையில் அதே பட்டறையில் குறைந்த சம்பளத்துக்கு இரண்டு ஆண்டு இருந்தார். பிறகு ஒரு குடோனில் காவல் வேலை. இடையில் வலது கை செய்ய வேண்டியதையெல்லாம் இடது கை செய்யத் தொடங்கி, நாற்பதை நெருங்கும்போது இடது மணிக்கட்டு மரத்துப்போக ஆரம்பித்தது. இப்போது இடது தோளும் சேர்ந்துகொண்டது. கட்டைவிரலுக்கு எதிரே நின்று பொருளைக் கவ்வும் இரண்டு விரல்கள் போனதால், சாவி திருகுவது, தண்ணீர்ப் பாட்டில் மூடியைத் திறப்பது, நூல் கோப்பது எல்லாம் மோதிர விரலின் பொறுப்பாகிவிட்டன. அந்த விரல் அதற்காக அமைந்ததில்லை. இதெல்லாம் அடிபட்ட கை என்று எந்தச் சீட்டிலும் வராது. இடது மணிக்கட்டைக் காட்டப் போனபோது, அங்கிருந்த மருத்துவர் நீரிழிவு இருக்கிறதா என்றுதான் கேட்டாராம். வலது கையை அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

ரேஷன் கடையில் விரல்ரேகை வைக்கும் இயந்திரம் வந்த பிறகு இன்னொரு சிறுமை சேர்ந்தது. மிஞ்சிய விரல்களின் ரேகைகள் தழும்பாலும் தேய்வாலும் சில மாதம் ஏறும், சில மாதம் ஏறாது. அண்ணிதான் போய் வாங்கிவருகிறார். குடும்பத்தில் ஒருவர் போனால் போதும் என்பதால் இதில் அரிசி ஒன்றும் நின்றுவிடவில்லை. ஆனால் அவர் அந்தக் கடைக்குப் போவதை நிறுத்திவிட்டார். மாற்றுத்திறனாளி அட்டைக்கும் முயன்றார்கள். அரசின் பல உதவிகளுக்கு 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நாற்பது விழுக்காடு ஊனம் இருக்க வேண்டும். மருத்துவக் குழு பார்த்து, அந்த அளவு இல்லை என்று அனுப்பிவிட்டது. பட்டறைக்கு இவர் முழு ஆளாக இல்லை. அரசு அலுவலகத்துக்கு இவர் போதுமான ஊனமாக இல்லை.

எல்லாவற்றிலும் எனக்குக் கடினமாகத் தெரிவது பந்தி. எங்கள் பக்கத்துக் கலியாணச் சாப்பாடு பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கட்டைவிரலும் கடைசி இரண்டு விரல்களுமாகப் பிசைந்தால் ரசஞ்சோறு வாய்க்குப் போய்ச் சேர்வதற்குள் பாதி இலையிலேயே விழுந்துவிடும். இடது கையால் சாப்பிடுவது முடியாத காரியம். ஸ்பூன் கேட்டால் எதிரே இருப்பவர் நிமிர்ந்து பார்ப்பார், பிறகு கையைப் பார்ப்பார், பிறகு அந்த நாளைப் பற்றிக் கேட்பார். அதனால் அண்ணன் கடைசிப் பந்தியில்தான் உட்காருவார்.

கடைசிப் பந்தியில் கேட்டது

சில ஆண்டுகளுக்கு முன் அவிநாசிப் பக்கம் ஒரு கலியாணம். கூட்டம் கலைந்து, மண்டபக்காரர்கள் நாற்காலிகளை அடுக்கத் தொடங்கிய நேரத்தில் அண்ணனும் நானும் உட்கார்ந்தோம். அண்ணனுக்கு மறுபக்கம் எழுபது வயதைத் தாண்டிய பெரியவர் ஒருவர். அவரும் ஸ்பூன் வைத்துக்கொண்டிருந்தார். அவருடைய வலது கையிலும் அதே இரண்டு விரல்கள் இல்லை. இருவரும் ஒருவர் கையை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பெரியவர்தான் தொடங்கினார்: "தம்பிக்கு எதுலங்க போச்சு?" "பிரஸ்ஸுலீங்க." "நமக்கு மில்லுலங்க. கார்டிங்கு. எண்பத்தி நாலாம் வருசம்." பஞ்சைச் சீப்பும் உருளைகளைச் சுத்தம் செய்யும்போது நடந்ததாகச் சொன்னார். குளிருக்கு அவரும் சாக்ஸ் போடுகிறாராம். ஆனால் அதற்குள் கொஞ்சம் பஞ்சு வைத்துக்கொண்டால் இதமாக இருக்கும் என்று அண்ணனுக்குச் சொல்லிக்கொடுத்தார். அத்தனை ஆண்டுகளில் அந்தக் கையைப் பற்றி அண்ணன் ஒருவரிடம் உற்சாகமாகப் பேசியதை நான் பார்த்தது அன்றுதான்.

பாயசம் வந்தபோது பெரியவர், எந்தப் பேச்சுக்கும் தொடர்பில்லாமல், "இஎஸ்ஐ பணம் ஒழுங்கா வருதுங்களா?" என்று கேட்டார். தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீட்டுத் திட்டம்தான் ஈ.எஸ்.ஐ. அண்ணனுக்குப் புரியவில்லை. மில்லை மூடியே பல ஆண்டு ஆகிவிட்டது, தமக்கு மட்டும் மாதாமாதம் விரலுக்கான பணம் வங்கியில் விழுந்துகொண்டிருக்கிறது, உயிரோடு இருப்பதாகச் சான்று கொடுத்தால் போதும், தொடக்கத்தில் மிகச் சிறிய தொகை, அவ்வப்போது ஏற்றித் தருகிறார்கள் என்று அவர் விளக்கினார். "இன்னுமாங்க வருது?" என்று அண்ணன் கேட்ட குரல் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "நாஞ் சாகற வரைக்கும் வருமுங்க. வெரலு திரும்பி வரப்போறதில்லீங்களே, பணம் மட்டும் எதுக்கு நிக்கோணும்?" என்றார் பெரியவர். இதை அவர் ஒரு பெரிய தத்துவமாகச் சொல்லவில்லை. எல்லோருக்கும் வருவதுதானே என்ற எண்ணத்தில் சொன்னார். வீடு திரும்பும் வழியில் அண்ணன் அந்தப் பெரியவரைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. பட்டறையில் அன்று எத்தனை பேர் வேலை செய்தோம் என்பதை மட்டும் பெயர் சொல்லி எண்ணிக்கொண்டே வந்தார். ஏழு பேர்.

நான் ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில் கணக்கு எழுதுபவன். எனவே அந்த வாரமே ஈ.எஸ்.ஐ. சட்டம், தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் இரண்டையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஈ.எஸ்.ஐ. சட்டம் 1948இல் வந்தது. கோவைக்கு அந்தத் திட்டம் 1955இலேயே வந்துவிட்டது. ஆனால் பத்துப் பேராவது வேலை செய்யும் இடத்துக்குத்தான் அது பொருந்தும். தடுப்பு வலையைக் கட்டாயமாக்கிய தொழிற்சாலைச் சட்டமும் மின்சாரத்தால் இயங்கும் இடத்தில் பத்துப் பேரிலிருந்துதான் அன்று தொடங்கியது. ஏழு பேர் உள்ள பட்டறைக்கு அன்று மிஞ்சியது 1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டம். அதன் பட்டியலில் ஒவ்வோர் உறுப்புக்கும், சம்பாதிக்கும் திறனில் எத்தனை விழுக்காடு போனது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். கட்டைவிரல் முப்பது. ஒரு கண் நாற்பது. ஒரு கையின் நான்கு விரல்கள் ஐம்பது. ஆள்காட்டி விரல் மட்டும் முழுதாகப் போனால் பதினான்கு, நடுவிரல் மட்டும் போனால் பன்னிரண்டு. கூட்டினால் இருபத்தாறு வருகிறது. ஆனால் ஒரே கையில் இரண்டு விரல்கள் போனால் இருபது என்று தனியாக ஒரு வரி இருக்கிறது. ஒரே நாளில் இரண்டும் போனவருக்கு ஆறு விழுக்காடு ஏன் குறைகிறது என்பது கணக்குப் படித்த எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அந்த இருபதை வைத்துக் கணக்குப் போடலாம். அண்ணன் பத்தாயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டிருந்தார். அன்று சட்டம் எட்டாயிரத்துக்கு மேல் கணக்கில் எடுத்துக்கொள்ளாது. 2020இல்தான் அந்த உச்சவரம்பு பதினைந்தாயிரமானது. எட்டாயிரத்தில் அறுபது விழுக்காடு 4,800. அதை முப்பது வயதுக்குச் சட்டம் தரும் காரணியான 207.98ஆல் பெருக்கி, அதில் இருபது விழுக்காடு. வருவது 1,99,661 ரூபாய். 2010 முதல் மருத்துவச் செலவை முதலாளி தனியாகத் தர வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. ஆக, நாங்கள் பெருந்தன்மை என்று இத்தனை ஆண்டுகள் சொல்லிவந்தது சட்டப்படியான கடமை. தொண்ணூறாயிரம் என்பது சட்டப்படி வரவேண்டியதில் பாதிக்கும் குறைவு. உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கும் முத்திரைத்தாள் செல்லாது என்றும் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. கோரிக்கை வைக்க இரண்டு ஆண்டுக் கெடு. தகுந்த காரணம் இருந்தால் ஆணையர் தாமதத்தைப் பொறுக்கலாம். ஆனால் அண்ணன் அந்தக் கதவைத் தட்ட விரும்பவில்லை. ஊருக்குள் இருக்க வேண்டுமே என்றார்.

என்னை உறுத்தியது அந்தப் பாதிப் பணம்கூட இல்லை. முழுதாக 1,99,661 கொடுத்திருந்தாலும் அது ஒரு நாளின் கணக்குத்தான். உச்சநீதிமன்றம் 1975இல் ஒரு தச்சரின் வழக்கில், முழங்கைக்கு மேலே இடது கை போனவரால் தச்சு வேலையே செய்ய முடியாது என்பதால் இழப்பு நூறு விழுக்காடு என்று ஏற்றுக்கொண்டது. பட்டியல் எண்ணை விட ஆளின் தொழில் முக்கியம் என்று ஒரு பார்வை சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது என்பதற்கு அது சான்று. ஆனால் அதுவும் தீர்ப்பு நாளில் தெரிந்த இழப்பைத்தான் அளக்கிறது. நிரந்தர ஊனத்துக்கான மொத்தத் தொகையைக் கொடுத்து முடித்த பிறகு, பத்தாம் ஆண்டில் இடது மணிக்கட்டும் தோளும் போனால் மறுபடி வந்து கேட்க 1923ஆம் ஆண்டுச் சட்டத்தில் வழி இருக்கவில்லை. 1948ஆம் ஆண்டு ஈ.எஸ்.ஐ. சட்டத்தில் இருந்தது. ஊனத்தை மதிப்பிட்ட பின், எதிர்பாராத அளவுக்கு அது கணிசமாக முற்றிவிட்டால், மருத்துவக் குழு மறுமதிப்பீடு செய்யலாம் என்று அதன் 55ஆம் பிரிவு சொன்னது. வழக்கமாக ஐந்து ஆண்டு கழிந்த பிறகு. அதாவது காயம் வளரும் என்பதைச் சட்டம் எழுதியவர்களில் ஒரு சாரார் அன்றே அறிந்திருக்கிறார்கள். மாதாமாதம் கொடுப்பதன் பொருளும் அதுதான். அண்ணன் ஈ.எஸ்.ஐ.யில் இருந்திருந்தால் நாள் கூலியில் தொண்ணூறு விழுக்காட்டின் இருபது விழுக்காடு, அன்றைய சம்பளத்துக்கு ஏறத்தாழ அறுபது ரூபாய், மாதம் 1,800 வந்திருக்கும். ஏற்றங்களைச் சேர்க்காமலே ஒன்பதரை ஆண்டுக்குள் அது இரண்டு லட்சத்தைத் தாண்டியிருக்கும். அவருக்கு அப்போது நாற்பது வயதுகூட ஆகியிருக்காது.

ஒன்பது பேர்

முதலாளிகளை மட்டும் குற்றம் சொல்லிவிட்டுப் போவது எளிது; நான் தினமும் அவர்களுடைய பில்களைப் பார்ப்பவன், எனக்கு அது முடியாது. பெரிய பம்பு நிறுவனம் கொடுக்கும் அடிக்கூலி ஆண்டுக்கணக்கில் ஏறாமல் நிற்கிறது, மின்கட்டணம் ஏறுகிறது, டை தேய்ந்தால் பட்டறைக்காரர் தலையில் விழுகிறது. அதே சமயம், பதினாறு பேர் வேலை செய்யும் ஒரே கூரையின் கீழ் கணவர் பெயரில் எட்டுப் பேர், மனைவி பெயரில் எட்டுப் பேர் என்று இரண்டு பட்டறைகள் காகிதத்தில் இருப்பதையும் நான் பார்த்திருக்கிறேன். இதைக் கெட்டிக்காரத்தனம் என்றுதான் எங்கள் ஊரில் சொல்வார்கள். இந்தப் பக்கத்துத் தொழில் சிறு சிறு பட்டறைகளாகப் பிரிந்து பரவி வளர்ந்தது என்று பெருமையாகப் பேசுகிறோம். அந்தப் பிரிவில் ஓர் அடிபட்ட கை ஒரு சுவருக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதைப் பொறுத்து அதன் மீதி வாழ்நாள் மாறிவிடுகிறது.

இப்போது பிரஸ்ஸில் உட்காருபவர்கள் பெரும்பாலும் எங்கள் ஊர்ப் பையன்கள் இல்லை. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள். திருப்பூரில் காம்பாக்டிங் இயந்திரத்தின் சூடான உருளைக்குள் கை போனாலும், பல்லடத்தில் தறியில் அடிபட்டாலும், தையல் பிரிந்த கையோடு தன்பாத் ரயில் ஏறி ஊருக்குப் போய்விடுகிறார்கள். அவர்களுக்கு அங்கே குளிர்காலம் எங்கள் மார்கழியைவிடக் கடுமை. அந்தக் கை ஐந்தாம் ஆண்டில் என்ன ஆனது என்று பார்க்க இரண்டு தெரு தள்ளி இங்கே யாரும் இல்லை. அண்ணனைப் பற்றி இவ்வளவு எழுத முடிந்தது அவர் இங்கேயே இருப்பதால்தான்.

அந்தப் பட்டறையின் கணக்கு இப்போது எங்கள் அலுவலகத்துக்கு வருகிறது. முதலாளி ஏர் கிளட்ச் பிரஸ் ஒன்று வாங்கிவிட்டார். இரண்டு கைகளாலும் இரண்டு பொத்தான்களை அழுத்தினால்தான் அடி விழும், வேண்டுமானால் பாதியில் நிறுத்தலாம். பழைய சாவி பிரஸ்களில் ஒன்றை விற்றதற்கான பில்லை நான் பார்த்தேன். இரும்பு விலைக்குப் போட்டிருந்தால் வந்திருக்கும் தொகையைவிட அது கணிசமாக அதிகம். ஓடும் இயந்திரமாகத்தான் போயிருக்கிறது. அண்ணனிடம் சொன்னபோது, "சாவியும் ஸ்பிரிங்கும் மாத்தித்தான் குடுத்தாங்களான்னு கேளு" என்றார். பில்லில் இருந்த எண்ணுக்கு நானே பேசினேன். வாங்கியவர் கிணத்துக்கடவுப் பக்கம் ஐந்து பேரை வைத்துப் பட்டறை நடத்துகிறார். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார், சாவியை மாற்றிவிட்டதாகவும் சொன்னார். பத்துப் பேருக்குக் குறைந்த இடங்களும் விரும்பினால் ஈ.எஸ்.ஐ.யில் சேரலாம் என்று 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு சொல்வதையும் எடுத்துச் சொன்னேன். என்ன செலவாகும் என்று கேட்டார். ஐந்து பேருக்கும் சராசரியாகப் பதினைந்தாயிரம் சம்பளம் என்றால், தொழிலாளிகள் பங்கான முக்கால் விழுக்காட்டையும் முதலாளி பங்கான மூன்றேகால் விழுக்காட்டையும் சேர்த்து மாதம் மூவாயிரம் என்றேன். "டீச்செலவே அதுக்கு மேல ஆகுதுங்க" என்று சிரித்தார். பிறகு, பணம் பிரச்சினை இல்லை, ஒருதடவை உள்ளே போனால் அப்புறம் வெளியே வர முடியாதாமே, அதுதான் யோசனை என்றார். அவர் கேள்விப்பட்டதில் விஷயம் இருக்கிறது. ஈ.எஸ்.ஐ.க்குள் வந்துவிட்ட இடத்தில் ஆள் எண்ணிக்கை பிறகு பத்துக்குக் கீழே இறங்கினாலும் திட்டம் தொடரும் என்று 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் முதல் பிரிவிலேயே இருந்தது. எங்கள் அலுவலகத்துக்கு வரும் பட்டறைகளில் பல, ஆண்டுக்கணக்கில் ஒன்பது பேரிலேயே நிற்பதற்கு அதுதான் காரணம்.